பிரிக்கத் தெரிந்த வீடு

அன்புள்ள நண்பனுக்கு,

உன் கடிதம் போன வாரம் கிடைத்தது. முழங்கால் வலி குறைந்து தெருமுனை வரை நடக்கிறாய் என்று படித்ததும் நிம்மதியாக இருந்தது. இங்கே இங்கிலாந்தில் மகளும் பேத்தியும் நலம். குளிர் இன்னும் விடவில்லை.

ஊரில் உங்கள் பழைய வீட்டைப் பிரிக்கப் போகிறார்கள் என்று ஒரே வரியில் எழுதி முடித்துவிட்டாய். அந்த வரி மனத்தை அறுத்துக்கொண்டே இருந்தது. ஞாயிறன்று மகள் என்னைச் சிசெஸ்டருக்கு வடக்கே இருக்கும் சிங்கிள்டன் கிராமத்துக்கு அழைத்துப் போனாள். பல ஊர்களிலிருந்து பழைய கட்டடங்களைப் பிரித்துக் கொண்டுவந்து மறுபடி எழுப்பியிருக்கும் அருங்காட்சியகம் அங்கே இருக்கிறது. அதில் பேலீஃப் என்றொரு பண்ணை வீடு. கென்ட் பகுதியில், 15ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கட்டியது. 1960களின் இறுதியில் நீர்த்தேக்கம் ஒன்று வந்தபோது, அதைப் பிரித்து இங்கே கொண்டுவந்தார்கள்.

உள்ளே நுழைந்ததும் கூடம். அண்ணாந்தால் மேல்தளம் இல்லை, கூரை மரங்கள்தான் தெரிகின்றன. தரையின் நடுவே தீ எரிகிறது, புகைபோக்கி கிடையாது. புகை மெல்ல எழும்பிக் கூரை வழியாகவே கசிந்து வெளியேறுகிறது. ஜன்னல்களில் கண்ணாடி இல்லை, மரக் குறுக்குக் கம்புகளும் அடைப்புப் பலகைகளும் மட்டுமே. இத்தகைய வீடுகளில் பிற்காலத்தில் செங்கல் புகைபோக்கி வைத்து, கூடத்துக்கு மேலே தளம் போட்டுவிட்டார்கள். ஆனாலும் கூரை மரத்தில் படிந்த கரி அப்படியே இருக்கும். முன்பு இது திறந்த கூடம் என்று அந்தக் கரியை வைத்தே கண்டுபிடிக்கிறார்கள்.

ஆனால் உன்னிடம் சொல்ல வேண்டியது மரங்களை இணைக்கும் மூட்டுகளைப் பற்றி. உன் அப்பா நன்றாக உலராத மரத்தில் உளி வைக்க விடமாட்டாரே, நினைவிருக்கிறதா? இங்கே நேர்மாறு. ஓக் காய்ந்துவிட்டால் இரும்பு மாதிரி இறுகிவிடும் என்பதால், வெட்டிய ஈரத்தோடு பச்சையாகவே செதுக்கிவிடுவார்கள். வீடாக நின்றபிறகுதான் மரம் உலர்ந்து, சுருங்கி, முறுக்கிக்கொள்ளும். அதனால் மூட்டு விட்டுப்போகாமல் இருக்க அவர்கள் செய்த ஏற்பாட்டைப் பார்த்து அசந்து நின்றேன். ஒரு மரத்தின் முனையை நாக்குபோலச் செதுக்கி இன்னொரு மரத்தின் பொந்தில் செருகுவார்கள்; அந்த நாக்குதான் கழுந்து. கழுந்தில் போடும் துளையை வெளிமரத்தின் துளைக்கு நேராகப் போடாமல், கொஞ்சம் தள்ளிப் போடுவார்கள். காய்ந்த ஓக் முளையை, அதாவது மர ஆணியை, அடித்து இறக்கும்போது அது கழுந்தை உள்ளே இழுத்து இறுக்கிக்கொள்ளும். வீட்டின் மரச் சட்டகத்தைப் பிணைப்பது இந்த முளைகள்தான். இரும்பு ஆணி இல்லை.

இன்னொன்று. இந்த வகைச் சட்டகத்தை முதலில் தச்சர் பட்டறையில் தரையில் கிடத்திப் பொருத்திப் பார்ப்பார்கள். ஒவ்வொரு மூட்டிலும் உளியால் ரோமன் எண்போலக் கோடுகள் கீறுவார்கள். பிறகு பிரித்து, வண்டியில் ஏற்றி, மனையில் அதே எண்களைப் பார்த்து எழுப்புவார்கள். அதாவது முதல் நாளிலேயே ஒருமுறை பிரிக்கப்பட்ட வீடு அது. 500 ஆண்டு கழித்து இடம் மாறினாலும் உயிர் போகாததற்கு அதுவே காரணம் என்று எனக்குத் தோன்றியது.

ஆகவே உன்னிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டுத் தூண்களும் உத்தரங்களும் உன் அப்பா கையால் முளை அடித்தவை. ரம்பத்தால் அறுக்க விடாதே. முளைகளை எதிர்ப்பக்கத்திலிருந்து தட்டி எடுக்கச் சொல். அதற்கு முன் ஒவ்வொரு மரத்திலும் அதன் இடத்தைக் குறித்து எண் போடு. சுண்ணாம்புக்கட்டி போதாது, மழையில் அழிந்துவிடும், உளியால் கீறு. கூலி கூடுதலாகக் கேட்டால் எனக்கு எழுது, நான் அனுப்புகிறேன். மரங்களை எங்கள் தோப்புக் கொட்டகையில் அடுக்கிவைக்கலாம், சாவி தம்பியிடம் இருக்கிறது.

பதிலை எதிர்பார்க்கும்,
உன் பழைய பெஞ்சுத் தோழன்