வாலஸைக் காப்பாற்றியது சட்ட ஓட்டை அல்ல

ஆசிரியருக்கு,

ஞாயிறு மலரில் வந்த லிவர்பூல் வாலஸ் வழக்குக் கட்டுரையை விறுவிறுப்பாக எழுதியிருந்தார்கள். ஆனால் ‘ஏதோ சட்ட நுணுக்கத்தைப் பிடித்துக்கொண்டு மனிதர் தூக்குக் கயிற்றிலிருந்து தப்பிவிட்டார்’ என்று முடித்திருப்பது உண்மைக்கு நேர் எதிர். மேல்முறையீட்டில் வாலஸின் வழக்கறிஞர்களுக்குப் பிடித்துக்கொள்ள ஒரு நுணுக்கமும் கிடைக்கவில்லை. அவர்களைத் திண்டாட வைத்ததே அதுதான்.

கட்டுரையைப் படிக்காதவர்களுக்காகச் சுருக்கமாக: வில்லியம் ஹெர்பர்ட் வாலஸ், வயது 52, காப்பீட்டுத் தவணை வசூலிக்கும் முகவர். 1931 ஜனவரி 19, திங்கள் இரவு அவர் வழக்கமாகச் சதுரங்கம் ஆடும் கிளப்புக்கு ஒரு போன் வருகிறது. குவால்ட்ரோ என்று பெயர் சொன்னவர், மறுநாள் மாலை ஏழரைக்கு 25, மென்லவ் கார்டன்ஸ் ஈஸ்ட் என்ற முகவரிக்கு வாலஸ் வர வேண்டும் என்று சொல்லி வைக்கிறார். வாலஸ் மறுநாள் டிராம் மாறி மாறிப் போய்த் தேடுகிறார், வழியில் பலரிடம் விசாரிக்கிறார். அப்படி ஒரு தெருவே இல்லை. இரவு 8.45 வாக்கில் வீடு திரும்பினால், முன்னறையில் மனைவி ஜூலியா தலை சிதைந்து கிடக்கிறார். கொன்ற ஆயுதம் கடைசி வரை கிடைக்கவில்லை.

போன் வந்தது வாலஸ் வீட்டிலிருந்து 400 கஜ தூரத்தில் இருந்த பொதுத் தொலைபேசிக் கூண்டிலிருந்து. இது தெரிந்ததே ஒரு தற்செயல். அந்தக் காலக் கூண்டில் இரண்டு பென்னி போட வேண்டும். எதிர்முனை பேசியதும் ‘ஏ’ பொத்தானை அழுத்தினால் காசு உள்ளே விழுந்து பேச்சு இணையும். ஆள் கிடைக்காவிட்டால் ‘பி’யை அழுத்திக் காசைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். பேசியவர், ‘ஏ’யை அழுத்தியும் இணைப்பு வரவில்லை என்று எக்ஸ்சேஞ்சில் முறையிட்டார். அதனால்தான் ஆன்ஃபீல்டு 1627 என்ற எண்ணும், ஏழேகாலுக்கும் ஏழு இருபதுக்கும் இடைப்பட்ட நேரமும் பதிவாயின. ‘வீட்டுப் பக்கத்துக் கூண்டு, ஆகவே வாலஸ்தான்’ என்றது போலீஸ். வாலஸ் எப்போது வீட்டை விட்டுக் கிளம்புகிறார் என்று நோட்டம் பார்த்தவனுக்கும் அதே கூண்டுதான் வசதி. போனை எடுத்த கிளப் கேப்டனுக்கு வாலஸின் குரல் பல வருஷப் பழக்கம். அது வாலஸின் குரல் போல இருந்தது என்று சொல்லவே அவர் மறுத்துவிட்டார்.

வழக்கின் உயிர்நாடி நிமிடங்களில் இருக்கிறது. கட்டுரை அதை ஒரே வரியில் கடந்துவிட்டது. ஜூலியாவைக் கடைசியாக உயிரோடு பார்த்தவன் பால் கொண்டுவந்த சிறுவன். வழியில் ஹோலி டிரினிட்டி தேவாலயக் கடிகாரம் 6.25 காட்டியது என்றான். அங்கிருந்து நடந்துவர ஆகும் நேரத்தைப் போலீஸ் கணக்கிட்டு, 6.31க்கு ஜூலியா உயிரோடு இருந்தார் என்றது. ஆனால் அதே சிறுவன் முதலில் தன் சேக்காளிகளிடம் சொன்ன நேரம் ஆறே முக்கால். இந்தப் பக்கம், 7.06க்கு ஸ்மித்டவுன் லேன் சந்திப்பில் வாலஸ் டிராமில் ஏறுகிறார். வீட்டிலிருந்து அங்கே போய்ச் சேர, துப்பறியும் போலீஸாரே நடந்தும் ஓடியும் டிராம் பிடித்தும் பார்த்ததில் 17 முதல் 20 நிமிடம். அப்படியானால் 6.49க்குப் பிறகு அவர் வீட்டில் இருந்திருக்க முடியாது.

போலீஸ் சொன்ன நேரத்தையே எடுத்துக்கொண்டாலும் கையில் இருப்பது 18 நிமிடம். சிறுவன் முதலில் சொன்னதை எடுத்தால் நான்கு. அதற்குள் பதினோரு அடி அடித்து, ரத்தத்தைக் கழுவி, உடை மாற்றி, காசுப் பெட்டியில் நான்கு பவுண்டு சொச்சத்தை எடுத்துத் திருட்டுப் போலக் காட்டி, ஆயுதத்தோடு பதறாமல் கிளம்ப வேண்டும். வாலஸின் உடையில் ஒரு சொட்டு ரத்தம் இல்லை. குளியலறையில் யாரும் குளித்த அடையாளம் இல்லை. பிணத்தின் அடியில் அவருடைய மழைக்கோட்டு கிடந்ததால், வெற்றுடம்பில் அதை மாட்டிக்கொண்டு கொன்றிருக்கலாம் என்று அரசுத் தரப்பு யோசனை சொன்னது. யோசனை வேறு, சாட்சியம் வேறு.

இனி மருத்துவர் சாட்சியம். சட்ட மருத்துவம் படிப்பவர்களுக்கு இன்றும் எடுத்துக்காட்ட வேண்டிய பிழை அது. பேராசிரியர் மக்ஃபால் அன்றிரவு பத்து மணி அளவில் வந்து மரண விறைப்பை மட்டும் பார்த்து நேரம் கணித்தார். உடல் வெப்பநிலையை அளக்கவே இல்லை. விறைப்பு எந்தத் தசையில், எத்தனை மணிக்கு, எவ்வளவு என்று குறிப்பும் வைக்கவில்லை. முதலில் எட்டு மணி வாக்கில் இறந்திருக்கலாம் என்றவர், பிறகு ஆறு மணிக்கு மாறினார். ஆறு மணிக்கு இறந்தவர் 6.31க்குப் பாலை வாங்கியிருக்க முடியாது! விறைப்பு ஆளுக்கு ஆள், அறைச் சூட்டுக்குச் சூடு மாறும். ஜூலியா போன்ற மெலிந்த, தசை குறைந்த உடலில் சீக்கிரமே தொடங்கிவிடும். மலக்குடல் வெப்பநிலையை அரை மணிக்கு ஒருமுறை எடுத்து, அறை வெப்பநிலையோடு எழுதி வைத்திருந்தால்கூட முன்பின் ஒரு மணி நேரம் பிசகும். இந்த வழக்குக்குத் தேவைப்பட்டதோ பத்து நிமிடத் துல்லியம்.

ஏப்ரல் 22 முதல் 25 வரை நான்கு நாள் விசாரணை. குற்றவாளியா இல்லையா என்று முடிவுசெய்யும் பொதுமக்கள் குழுவான ஜூரிக்கு நீதிபதி ரைட் ஆற்றிய உரை அநேகமாக விடுதலையை நோக்கியே இருந்தது. ஜூரி ஒரு மணி நேரத்தில் திரும்பி வந்து ‘குற்றவாளி’ என்றது. தூக்கு.

கட்டுரையாளர் தடுக்கி விழுந்த இடம் இதுதான். நம் நாட்டில் செஷன்ஸ் நீதிமன்றம் தூக்கு விதித்தால் உயர்நீதிமன்றம் சாட்சியம் முழுவதையும் பார்த்து உறுதிப்படுத்தியாக வேண்டும், அன்றும் அப்படித்தான். இங்கிலாந்தில் குற்றவியல் மேல்முறையீட்டு நீதிமன்றம் வந்ததே 1907இல்தான். செய்யாத குற்றத்துக்குச் சிறை போன அடால்ஃப் பெக், பம்பாயிலிருந்து போன பார்ஸி பாதிரியாரின் மகன் ஜார்ஜ் எடல்ஜி ஆகிய இருவரின் வழக்குகள் கிளப்பிய கொந்தளிப்பு கொண்டுவந்த சட்டம் அது. அங்கே போகிறவர்கள் வழக்கமாகப் பிடிப்பது நீதிபதியின் தவறுகளை: ஜூரிக்குச் சட்டத்தைத் தப்பாகச் சொன்னார், ஏற்கக் கூடாத சாட்சியத்தை ஏற்றார் என்று. ரைட் தவறே செய்யவில்லை. வாலஸுக்குச் சாதகமாகப் பேசிய நீதிபதியால் வாலஸின் மேல்முறையீட்டுக்கு வழி அடைபட்டது.

மிஞ்சியது அந்தச் சட்டத்தின் 4ஆம் பிரிவில், சாட்சியத்தைப் பார்க்கும்போது தீர்ப்பு நியாயமற்றது அல்லது நிற்காது என்றால் ரத்து செய்யலாம் என்ற வாசகம் மட்டும். கொலைத் தண்டனை எதையும் அந்த ஒற்றைக் காரணத்துக்காக அந்த நீதிமன்றம் அதுவரை ரத்து செய்ததில்லை. ஜூரியின் முடிவில் கை வைக்க நீதிபதிகளுக்கு அவ்வளவு தயக்கம். மேல்முறையீட்டுக்கு முந்தைய ஞாயிறன்று லிவர்பூல் பேராலயத்தில் நீதிபதிகளுக்குத் தெளிவு கிடைக்கச் சிறப்புப் பிரார்த்தனையே நடந்தது. மே 19 அன்று தலைமை நீதிபதி ஹூவர்ட் தண்டனையை ரத்து செய்தார்: தீர்ப்புக்குத் தேவையான உறுதியோடு குற்றம் நிரூபிக்கப்படவில்லை என்றார். ‘நிரபராதி’ என்று சான்றிதழ் தரவில்லை, உண்மைதான். ஆனால் நுணுக்கம் எல்லாம் கழிந்தபின் சாட்சியத்தை மட்டும் எடை போட்டு வந்த தீர்ப்பு அது. வாலஸ் 1933 பிப்ரவரியில் சிறுநீரக நோயால் இறந்தார்.

இன்னொருவர்தான் கொலையாளி என்று பெயரோடு கட்டுரை முடிவுகட்டியிருப்பதும் சரியல்ல. அவர்மீது வழக்கே பதிவாகவில்லை, இன்று பதில் சொல்ல அவரும் உயிரோடு இல்லை. வாலஸுக்கு ஜூரி செய்ததைத்தான் கட்டுரை அவருக்குச் செய்திருக்கிறது.

ஒரு சிறு திருத்தமும் வேண்டும். மென்லவ் கார்டன்ஸ் என்ற இடமே கற்பனை என்று கட்டுரையில் இருக்கிறது. மென்லவ் கார்டன்ஸ் நார்த், சவுத், வெஸ்ட் மூன்றும் உண்டு. ஈஸ்ட் மட்டும்தான் இல்லை. வாலஸ் அரை மணி நேரத்துக்கு மேல் அங்கேயே சுற்றியதற்குக் காரணம் அதுதான்.

ஒரு குற்றவியல் வழக்கறிஞர்,
பாளையங்கோட்டை.