விளக்கைப் போட்டால் இறங்கிய முள்

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிவிட்டது. உடனே பதில் எழுதாததற்கு இந்த முறை என்னிடம் உருப்படியான காரணம் இருக்கிறது. அந்த மூன்று வாரத்து மாலைகளில் பாதியைக் காரின் டிக்கிக்குள் தலையைக் கொடுத்துக்கொண்டு கழித்தேன். "அந்தக் கிழட்டு வண்டி இன்னும் உயிரோடு இருக்கிறதா?" என்று கேலியாகக் கேட்டிருந்தாய். இருக்கிறது. ஆனால் எட்டு மாதம் அது என்னைப் படுத்திய பாட்டைச் சொன்னால்தான், ஓடி ஓடி நடுவழியில் நின்றுவிடும் உன் வண்டியைப் பற்றி நீ கேட்டதற்கும் ஏதாவது சொல்ல முடியும்.

வீட்டில் எல்லோரும் நலம். மகளுக்கு வேலை கிடைத்துவிட்டது. வாரம் ஒருமுறை பேசுகிறாள், அதிலும் பாதி நேரம் அம்மாவிடம்தான். என் முழங்கால் அப்படியேதான் இருக்கிறது. மாடிப்படி ஏறும்போது உயிர் போகிறது. டாக்டர் எதிரில் உட்கார்ந்து காலை நீட்டினால் ஒரு வலியும் இல்லை. காருக்கும் இதே புத்தி.

என் வண்டி 2004ஆம் ஆண்டு மாடல், பெட்ரோல் இன்ஜெக்ஷன் வைத்தது. காலையில் சாவியைத் திருப்பியதும் ஸ்டார்ட் ஆகும். பக்கத்தில் எங்கே போய் வந்தாலும் ஒரு தொந்தரவும் தராது. நெடுஞ்சாலையில் முக்கால் மணி நேரம் போன பிறகு, ஓர் ஏற்றத்திலோ, லாரியை முந்துவதற்கு ஆக்சிலேட்டரை அழுத்தும்போதோ, திடீரென்று இழுவை போய்விடும். பின்னாலிருந்து யாரோ கயிறு கட்டிப் பிடித்தது போல இருக்கும். இரண்டு மூன்று முறை விக்கும். காலை எடுத்தால் தெளியும். மறுபடி அழுத்தினால் மறுபடி விக்கும். ஓரமாக நிறுத்திப் பத்து நிமிடம் கழித்து எடுத்தால், நடந்ததெல்லாம் கனவோ என்று நினைக்கும்படி ஓடும். பிறகு மூன்று வாரம் சத்தமே இருக்காது.

மெக்கானிக்கிடம் கொண்டுபோனேன். அவர் இரண்டு தெரு சுற்றிவிட்டு வந்து, "வண்டி நன்றாகத்தானே இருக்கிறது?" என்றார். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. இல்லாத நோயை யார் பார்க்க முடியும்? ஆனால் சும்மா அனுப்பவும் மனமில்லாமல் பிளக்குகளை மாற்றினார். அடுத்த முறை, பிளக்குக்கு மின்சாரம் கொடுக்கும் காயில். அதற்கடுத்த முறை டேஷ்போர்டில் இன்ஜின் விளக்கே எரிந்தது. ஸ்கேனரை மாட்டினோம், பி0171 என்று வந்தது. கலவையில் காற்று அதிகம், பெட்ரோல் குறைவு என்று அதற்குப் பொருள். உடனே ஆக்ஸிஜன் சென்சாரை மாற்றிவிட்டார். நானும் தலையாட்டினேன். பிறகுதான் யோசித்தேன்: சைலன்சர் குழாயில் உட்கார்ந்துகொண்டு, "பெட்ரோல் போதவில்லை" என்று உண்மையைச் சொன்ன ஒரே சாட்சி அந்தச் சென்சார்தான். அதைப் பிடித்து வெளியே தள்ளிவிட்டோம்.

நான்காவதாக ஃபியூயல் பம்ப்பை மாற்றினோம். கேள், ஆறு வாரம் வண்டி பறந்தது. ஏற்றமாவது ஒன்றாவது! பார்க்கிறவர்களிடமெல்லாம் பம்ப்தான் காரணம் என்று சொல்லிக்கொண்டு திரிந்தேன். ஏழாவது வாரம், இரவு ஒன்பது மணிக்கு, அதே இடத்தில், அதே விக்கல்.

அன்றைக்குத்தான் எனக்கு ரோஷம் வந்தது. புதுப் பம்ப் ஆறு வாரத்தில் கெட்டுப்போனதா? இருக்கலாம். ஆனால் அச்சு அசலாக அதே மாதிரியா? பம்ப்பில் குறை இல்லை என்றால், அதை மாற்றியதும் ஆறு வாரம் சரியானது எதனால்? இந்தக் கேள்வி ராத்திரியெல்லாம் குடைந்தது. இனி ஒரு பாகமும் மாற்றுவதில்லை, முதலில் பார்ப்பது என்று முடிவு செய்தேன்.

மகள் பள்ளி நாட்களில் எழுதாமல் விட்டுப்போன ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்து வண்டிக்குள் வைத்தேன். ஒவ்வொரு முறை விக்கும்போதும் தேதி, நேரம், கிளம்பி எத்தனை நிமிடம், டேங்கில் எவ்வளவு பெட்ரோல், ஏசி ஓடியதா, வெயிலா மழையா, ஆர்.பி.எம். முள் என்ன செய்தது என்று எல்லாவற்றையும் குறித்தேன். இந்தக் கடைசி விஷயத்தை நீயும் மனதில் வைத்துக்கொள். சூடானால் மக்கர் செய்து, ஆறினால் சரியாகும் வண்டி என்றால் எல்லோரும் முதலில் சந்தேகப்படுவது, இன்ஜின் சுற்றுவதை வண்டியின் கம்ப்யூட்டருக்குச் சொல்லும் கிராங்க் சென்சாரை. அது சூட்டில் செத்தால், வண்டி உருண்டுகொண்டிருக்கும்போதே ஆர்.பி.எம். முள் சட்டென்று பூஜ்யத்துக்கு விழும். கம்ப்யூட்டருக்கு இன்ஜின் சுற்றுவதே தெரியாமல் போகும். என் வண்டியில் முள் ஒருமுறைகூட விழவில்லை. காசு செலவில்லாமல் ஓர் ஆள் விடுதலை.

ஒன்பது பதிவுகள் சேர்ந்ததும் உட்கார்ந்து பார்த்தேன். ஒன்பதில் ஏழு இரவில். இது எனக்குச் சுத்தமாகப் பிடிபடவில்லை. சூட்டினால் வருகிற கோளாறு என்றால் பட்டப்பகலில்தானே அதிகம் வர வேண்டும்? குளிர்ந்த காற்றில் ஏன்? நோட்டையே திருத்தலாமா என்றுகூட நினைத்தேன், சிரிக்காதே.

முடிச்சை அவிழ்த்தவள் என் மனைவி. ஒருநாள் மாலை திரும்பி வரும்போது ஹெட்லைட்டைப் போட்டேன். பக்கத்தில் இருந்தவள், "விளக்கைப் போட்டதும் பெட்ரோல் முள் இறங்குகிறதே, விளக்கு என்ன பெட்ரோலிலா எரிகிறது?" என்று கேட்டாள். அணைத்தேன், முள் மெதுவாக ஏறியது. போட்டேன், ஒரு கோடு அளவுக்கு இறங்கியது. எத்தனை வருடமாக அந்த முள்ளைப் பார்த்துக்கொண்டே ஓட்டுகிறேன்! அவள் ஒரே பார்வையில் கண்டுகொண்டாள்.

டேங்குக்குள் பெட்ரோல் அளவைச் சொல்லும் மிதவையும் ஃபியூயல் பம்ப்பும் ஒரே கூட்டுக்குள் இருக்கின்றன. என் வண்டியில் இரண்டுக்கும் எர்த், அதாவது மின்சாரம் பாடி வழியாக பேட்டரியின் மைனஸுக்குத் திரும்பும் வழி, ஒரே வயர். ஹெட்லைட்டோடு சேர்ந்து எரியும் பின்பக்க விளக்குகளின் எர்த்தும் அதே இடத்தில்தான் பாடியோடு சேருகிறது. அந்த எர்த் சரியில்லை என்றால், விளக்கு எரியும்போது அதன் மின்சாரமும் அதே இடுக்கு வழியாக நெருக்கிக்கொண்டு போக வேண்டும். மிதவையின் கணக்கு பிசகும், முள் அசையும். பம்ப்புக்கும் பட்டினி. இரவு எதற்கு என்ற கேள்விக்கும் விடை இதுதான். இரவுக்கும் குளிருக்கும் சம்பந்தமே இல்லை. விளக்குக்குத்தான் சம்பந்தம்.

ஊகம் அழகாகத்தான் இருந்தது. ஆனால் ஏற்கெனவே நான்கு அழகான ஊகங்களுக்குப் பணம் கொடுத்தவன் நான். அளந்து பார்க்காமல் ஸ்பேனரைத் தொடுவதில்லை என்று இருந்தேன். பெட்ரோல் அழுத்தம் பார்க்கும் மீட்டரை இன்ஜினில் மாட்டி, நீளக் குழாயோடு வெளியே கொண்டுவந்து, முன்கண்ணாடியில் வெளிப்பக்கமாக ஒட்டினேன். (பெட்ரோல் குழாயைக் காருக்குள் கொண்டுவராதே, அந்த முட்டாள்தனத்தை மட்டும் நான் செய்யவில்லை.) மல்டிமீட்டரின் ஒரு முனையைப் பம்ப்பின் எர்த் வயரிலும், இன்னொன்றை பேட்டரியின் மைனஸிலும் நீள வயர்களால் சேர்த்து, மீட்டரை மனைவி மடியில் வைத்தேன். எர்த் நன்றாக இருந்தால் அந்த இரண்டுக்கும் இடையில் 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டக் கூடாது.

கிளம்பும்போது 0.6. அப்போதே குற்றம் தெரிந்துவிட்டது, ஆனாலும் ஓட்டினேன். அரை மணி நேரத்தில் 1.5. அவள் கிரிக்கெட் ஸ்கோர் சொல்வது போலச் சொல்லிக்கொண்டே வந்தாள். இருட்டியதும் விளக்கைப் போட்டேன், 2.4. ஏற்றம் வந்தது. 3.1, 3.4, 3.6. கண்ணாடிக்கு வெளியே அழுத்த மீட்டரின் முள் 3 பாரிலிருந்து சரிந்து 2க்குக் கீழே போனது. வண்டி விக்கியது. ஓட்டிக்கொண்டிருந்த நான், வாழ்க்கையில் முதல் முறையாக அந்த விக்கலைக் கேட்டுச் சந்தோஷப்பட்டேன்.

கணக்கைப் பார். இன்ஜின் ஓடும்போது பேட்டரியில் கிட்டத்தட்ட 14 வோல்ட் இருக்கும். வழியில் 3.6 தொலைந்தால் பம்ப்புக்கு மிஞ்சுவது பத்தும் சொச்சமும். ஐடிலில், அதாவது நின்ற இடத்தில் சும்மா ஓடும்போது, அது போதும். இன்ஜின் அப்போது குடிப்பது கொஞ்சம், மீதியை, அழுத்தத்தைச் சீராக வைக்கும் ரெகுலேட்டர் டேங்குக்கே திருப்பி அனுப்பிவிடும். அதனால்தான் பட்டறையில் நிற்கும்போது வண்டி உத்தமனாக இருந்தது. ஏற்றத்தில் இன்ஜின் முழுத் தாகத்தோடு கேட்கும்போது பம்ப்பால் கொடுக்க முடியவில்லை. பம்ப்பும் விளக்கும் சேர்ந்து சுமார் 7 ஆம்பியர். 3.6 வோல்ட்டை 7ஆல் பெருக்கினால் 25 வாட். ரேடியோ பழுது பார்ப்பவர்கள் வைத்திருக்கும் சின்ன சால்டரிங் அயர்னின் சூடு அது. அத்தனை சூடும், எர்த் வயரைப் பாடியோடு பிடித்திருக்கும் ஒரு போல்ட்டின் அடியில். சூடு ஏற ஏறத் தடை கூடும், தடை கூடக் கூடச் சூடு ஏறும். பத்து நிமிடம் நிறுத்தினால் ஆறிவிடும்.

ஓம் மீட்டரை வைத்துப் பார்த்திருந்தால் இது சிக்கியே இருக்காது. அந்த மீட்டர் அனுப்புவது ஒரு சொட்டு மின்சாரம். வயரில் ஒரே ஒரு இழை மிஞ்சியிருந்தாலும் "இணைப்பு உண்டு" என்று சொல்லிவிடும். ஒற்றையடிப் பாதையில் ஒருவர் நடந்து போனார் என்பதற்காக அதில் லாரியை விட முடியுமா? சுமை ஓடும்போதுதான் அளக்க வேண்டும்.

மறுநாள் டிக்கியின் கம்பளத்தைத் தூக்கினேன். இடது விளக்கின் ரப்பர் வெடித்து, எத்தனையோ மழையாகத் தண்ணீர் கசிந்திருக்கிறது. போல்ட் மேலே பார்க்க அப்படியொன்றும் மோசமில்லை. பத்தாம் நம்பர் ஸ்பேனரை வைத்துத் திருப்பினேன். கடித்துப் பிடித்து, பிறகு "கிறீச்" என்று விட்டது. அடியில் இருந்த, வயர் நுனியின் வளையத்தில் ஒரு பக்கம் பச்சைப் பூஞ்சை பிடித்தது போல, மறுபக்கம் சூட்டில் கறுத்து நீலம் பாய்ந்திருந்தது. வயரின் உறை இரண்டு விரல் நீளத்துக்கு மொரமொரவென்று உதிர்ந்தது. கறுத்த பகுதியை வெட்டிவிட்டு, புது வளையம் பிடித்து, தகரத்தை வெள்ளி தெரியும்வரை உப்புத்தாளால் தேய்த்து, புது போல்ட் போட்டு இறுக்கி, மேலே கிரீஸ் தடவினேன். ரப்பரையும் மாற்றினேன். மீட்டர் இப்போது 0.04 காட்டுகிறது. விளக்கைப் போட்டால் பெட்ரோல் முள் அசைவதில்லை.

ஆறு வார மர்மமும் விளங்கிவிட்டது. பம்ப்பை மாற்றும்போது அந்த வயர்க் கட்டைப் பிடித்து இழுத்திருக்கிறார்கள். வளையம் போல்ட்டின் அடியில் ஒரு மயிரிழை திரும்பி, துரு சுரண்டப்பட்டு, புது இரும்பைத் தொட்டிருக்கிறது. பாகத்தை மாற்றியதற்கு ஒரு பலனும் இல்லை. மாற்றும்போது கை பட்டதுதான் வைத்தியம். விட்டு விட்டு வரும் கோளாறில் என்னை அதிகம் ஏமாற்றியது இதுதான். தவறான மருந்து பலிக்காமல் போயிருந்தால் அன்றைக்கே வேறு வழி தேடியிருப்பேன். பலித்ததால்தான் ஆறு வாரம் கெட்டேன். இப்போது யாராவது "அதை மாற்றினேன், சரியாகிவிட்டது" என்றால், மாற்றும்போது வேறு எதையெல்லாம் கழற்றி மாட்டினீர்கள் என்று கேட்கத் தோன்றுகிறது.

சரி, உன் வண்டிக்கு வருகிறேன். உன்னுடையதில் கம்ப்யூட்டரும் இல்லை, சென்சாரும் இல்லை, பெட்ரோலைக் கலக்கக் கார்புரேட்டரும், பொறிக்குப் பாயின்ட்டும்தான். ஒருவகையில் நீ கொடுத்துவைத்தவன். அரை மணி நேரம் ஓடி, அடங்கி நின்று, ஆறினால் கிளம்புகிறது என்கிறாய். கார்புரேட்டரைப் பிரித்துச் சுத்தம் செய்யப் போவதாகவும் எழுதியிருக்கிறாய். தயவுசெய்து இன்னும் பிரிக்காதே. பிரித்தால் உன் கையும் பத்து இடத்தில் படும், அப்புறம் எது எதனால் சரியானது என்று தெரியாது.

அதற்குப் பதிலாக ஒரு பழைய பிளக்கையும் பிளக் ஸ்பேனரையும் டார்ச்சையும் வண்டியில் வைத்துக்கொள். அடுத்த முறை நின்றதும், ஆறும்வரை காத்திருக்காமல் அந்த நிமிடமே இறங்கு. முதல் வேலை, பெட்ரோல் டேங்கின் மூடியைத் திற. "உஸ்" என்று காற்று உள்ளே இழுக்கிற சத்தம் வந்து, உடனே வண்டியும் கிளம்பினால், மூடியில் இருக்கும் காற்றுத் துளை அடைத்திருக்கிறது. டேங்குக்குள் வெற்றிடம் உண்டாகிப் பெட்ரோலை வர விடாமல் பிடித்து வைக்கிறது. சத்தம் இல்லை என்றால், ஏர் ஃபில்டரைத் தூக்கிக் கார்புரேட்டரின் தொண்டையைப் பார்த்தபடி ஆக்சிலேட்டர் கம்பியை ஒருமுறை இழு. பெட்ரோல் பீச்சினால் பெட்ரோல் பக்கம் பெரும்பாலும் பரவாயில்லை. ஃபில்டரை மறுபடி மூடிவிட்டு, பழைய பிளக்கை ஒரு பிளக் வயரில் மாட்டி, கார்புரேட்டருக்கு எட்டத்தில் இன்ஜினின் இரும்பில் படும்படி வைத்து, யாரையாவது ஸ்டார்ட்டரைச் சுற்றச் சொல். நீலப் பொறி வராமல், சோர்ந்த மஞ்சள் பொறி வந்தாலோ, வராமலே போனாலோ, டிஸ்டிரிபியூட்டரில் இருக்கும் கண்டென்சரையும் காயிலையும் பார்க்க வேண்டும். இரண்டுமே சூட்டில் கைவிடக்கூடியவை. எது என்றாலும் அங்கேயே நின்று எழுதி வை. வீட்டுக்கு வந்து எழுதலாம் என்று நினைத்தால் பாதி மறந்துவிடும், மீதியை நாமே இட்டுக்கட்டிவிடுவோம்.

கழற்றிய பழைய பம்ப் இங்கே அலமாரியில் கிடக்கிறது. அதில் ஒரு குறையும் இருந்திருக்காது, பாவம். உனக்கு அனுப்பலாம் என்றால் உன் வண்டிக்குப் பொருந்தாது.

தங்கையைக் கேட்டதாகச் சொல். நீண்ட கடிதம் எழுத நேரமில்லை என்று வழக்கம்போல் சாக்குச் சொல்லாதே. மூடியைத் திறந்தபோது சத்தம் வந்ததா இல்லையா, அந்த ஒரு வரி போதும்.

அன்புடன்,
உன் பழைய நண்பன்