புளி வேண்டாம், தேனு

அன்புள்ள தேன்மொழிக்கு,

நவம்பர் 9 அன்று பெர்லினில் உன் தெருவில், ஹிட்லரின் நாஜிகள் கொன்றவர்களின் நினைவாகப் பதித்த பித்தளைக் கல்லைத் துடைக்கப் போகிறார்கள், உன்னையும் கூப்பிட்டிருக்கிறார்கள் என்று எழுதியிருந்தாய். குத்துவிளக்குக்குப் போடுகிற புளியே போதும்தானே என்றும் கேட்டிருந்தாய். புளி வேண்டாம் அம்மா. புளியும் எலுமிச்சையும் கறுப்பை உடனே எடுத்துவிடும், பார்க்கவும் பளிச்சென்று இருக்கும். ஆனால் பித்தளை என்பது செம்பும் துத்தநாகமும் கலந்தது. அமிலம் முதலில் துத்தநாகத்தைத்தான் அரிக்கும். புளி போட்டுத் தேய்த்த விளக்கு அங்கங்கே செம்பு நிறம் காட்டுவது அதனால்தான். வீட்டில் வாளித் தண்ணீரில் அமிழ்த்தி அலசிவிடுகிறோம். நடைபாதையில் பதித்த கல்லை அப்படி அலச முடியாது. எழுத்துக் குழிக்குள் தங்கிய புளிக்கரைசல் கொஞ்ச நாளில் பச்சை பூக்கும். வழிந்தது பக்கத்துக் கல்லில் கறையாகும். உப்பும் சேர்த்தால் இன்னும் மோசம்.

அந்தக் கல்லுக்கு ஜெர்மனில் ஷ்டோல்பர்ஷ்டைன் என்று பெயர். காலில் தட்டுகிற கல், இடறுகல். குந்தர் டெம்னிக் என்ற சிற்பி 1992-ல் கொலோன் நகரில் முதல் கல்லைப் பதித்தார். 2023 மே மாதம் நியூரம்பெர்க்கில் 1,00,000-ஆவது கல் இறங்கியது. பக்கத்துக்கு 10 சென்டிமீட்டர் உள்ள கான்கிரீட் கட்டை. அதன் தலையில் 96 மில்லிமீட்டர் சதுரத்தில் பித்தளைத் தகடு. எழுத்துகளை இயந்திரத்தில் வெட்டுவதில்லை. ஒவ்வொரு எழுத்தாக அச்சு வைத்துச் சுத்தியலால் அடிக்கிறார்கள். ஆட்களைத் தொழிற்சாலைக் கணக்கில் கொன்றதற்கு எதிராக, ஒருவருக்கு ஒரு கல் என்று கையால் செய்ய வேண்டும் என்பது டெம்னிக்கின் பிடிவாதம்.

பித்தளை மழையிலும் தூசியிலும் கறுத்துக்கொண்டே போகும். இரண்டு வருடம் விட்டால் பெயர் தெரியாது. அதனால்தான் வருடத்துக்கு இரண்டு தடவையாவது துடைக்கிறார்கள். 1938-ல் ஆயிரத்துக்கும் மேற்பட்ட யூத ஆலயங்களுக்குத் தீ வைத்த நவம்பர் 9 ஒன்று. 1945-ல் சோவியத் செம்படை அவுஷ்விட்ஸ் கொலைமுகாமுக்குள் நுழைந்த ஜனவரி 27 மற்றொன்று.

எடுத்துப் போக வேண்டியவை அதிகமில்லை. உலோகப் பாலிஷ் பசை (எல்ஸ்டர்க்ளான்ஸ், ஸிடோல் என்ற பெயர்களில் அங்கே கிடைக்கும்), மிருதுவான பஞ்சு, இரண்டு பழைய பருத்தித் துணி, ஒரு பழைய பல்துலக்கி, ஒன்றரை லிட்டர் தண்ணீர், ரப்பர் கையுறை, முழங்காலுக்குக் கீழே போட ஏதாவது கனமான துணி. ஒரு அட்டையும் வேண்டும். நடுவில் 10 சென்டிமீட்டர் சதுரம் வெட்டி எடுத்து, அதைக் கல்லைச் சுற்றிப் பொருத்திக்கொள். தேய்க்கும்போது வருகிற கறுப்புச் சாறு சுற்றியுள்ள கல்லில் இறங்காமல் இருக்கத்தான் இந்த ஏற்பாடு. முதலில் தண்ணீர் விட்டு மண்ணை எடுத்துவிடு. மண் இருக்கும்போதே தேய்த்தால் உப்புத்தாள் போட்டது மாதிரி கீறும். பிறகு புளியங்கொட்டை அளவு பசை, அதற்கு மேல் வேண்டாம். சின்ன வட்டமாகத் தேய். இரண்டு மூன்று நிமிடம் விட்டு, காய்ந்து இறுகுவதற்குள் துணியால் எடு. எழுத்துக்குள் தங்கியதைப் பல்துலக்கியால் வழித்து, தண்ணீர் விட்டு, உலர்ந்த துணியால் துடை. எழுத்துக்குழி கொஞ்சம் கறுப்பாகவே இருக்கட்டும், அப்போதுதான் நின்று படிக்க முடியும். இரும்புக் கம்பி நார் வேண்டவே வேண்டாம். கீறலுக்குள் இரும்புத் துகள் தங்கித் துருப்பிடிக்கும். துளைக்கருவியில் பிரஷ் மாட்டிக்கொண்டு யாராவது வந்தால் தடுத்துவிடு, எழுத்தே தேய்ந்துபோகும்.

இதெல்லாம் அரைமணி நேர வேலை. அதற்கு முந்தைய வாரம் ஒரு வேலை இருக்கிறது. கல்லில் உள்ளதைப் படித்து வை.

'ஹியர் வோன்ட்ட' என்று தொடங்கும்: இங்கே வாழ்ந்தார். அடுத்துப் பெயர். பெண்ணாக இருந்தால் 'கெப்.' என்று பிறந்த வீட்டுப் பெயர். பிறகு பிறந்த ஆண்டு. 'டெபோர்ட்டியர்ட்' என்றால் நாடுகடத்தப்பட்ட தேதியும் இடமும். கடைசி வரியில் பெரும்பாலும் 'எர்மோர்டெட்', கொலை செய்யப்பட்டார். சில கற்களில் 'ஃப்ளுக்ட் இன் டென் டோட்', அதாவது சாவுக்குள் தப்பி ஓடினார் என்று இருக்கும். அழைப்பாணை வந்ததும் தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்டவர்கள் அவர்கள். அதைத் தற்கொலை என்று எழுதாமல் விட்டது சரிதான் என்பது என் எண்ணம். தப்பிப் பிழைத்தவர் பெயரும் குடும்பத்தோடு சேர்த்துப் பதித்திருக்கும். பிரிந்த குடும்பம் கல்லிலாவது ஒன்றாக இருக்கட்டும் என்றுதான். எல்லாக் கல்லும் யூதர்களுடையது என்று நினைத்துவிடாதே. ஜிப்சிகள் என்று அழைக்கப்பட்ட சின்டி, ரோமா மக்கள், மனநோயாளிகள், ஒருபாலீர்ப்பினர், அரசியல் எதிரிகள் எல்லோருக்கும் உண்டு.

பெயரை எடுத்துக்கொண்டு மூன்று இடத்தில் தேடலாம், மூன்றும் இணையத்தில் இலவசம். ஜெர்மன் கூட்டாட்சி ஆவணக்காப்பகத்தின் நினைவேடு, பாட் ஆரோல்சன் ஊரிலுள்ள ஆரோல்சன் ஆவணக்காப்பகம் (சுமார் 1 கோடியே 75 லட்சம் பேரைப் பற்றிய தாள்கள்), ஜெருசலேமில் உள்ள யாட் வாஷெம் நினைவகம். யாட் வாஷெமில், கொல்லப்பட்ட 60 லட்சம் யூதர்களில் ஏறக்குறைய 50 லட்சம் பேரின் பெயர் சேர்ந்திருக்கிறது. மீதி 10 லட்சத்துக்குப் பெயர் இல்லை. சோவியத் மண்ணில் ஊர் ஊராகக் குழி வெட்டிச் சுட்டபோது பட்டியல் எழுதவில்லை. குழந்தைகள் பெயர்தான் அதிகம் விட்டுப்போயிருக்கிறது.

தேடும்போது வழுக்குகிற இடங்கள் சில உண்டு. ஆவணத்தில் பெண்ணுக்கு 'சாரா', ஆணுக்கு 'இஸ்ரேல்' என்று நடுப்பெயர் இருந்தால் அது பெற்றோர் வைத்ததல்ல. 1939 ஜனவரி 1 முதல் அரசு கட்டாயமாக ஒட்டியது. கல் முன்னால் நின்று அந்தப் பெயரைச் சேர்த்துப் படித்துவிடாதே. 'லிட்ஸ்மன்ஷ்டாட்' என்று வந்தால் அது போலந்தின் வூட்ஜ் நகரம், நாஜிகள் பெயர் மாற்றியிருந்தார்கள். இறந்த தேதி '8.5.1945' என்று இருந்தால் நம்பாதே. எப்போது செத்தார் என்று தெரியாதவர்களுக்குப் போர் முடிந்த நாளை நீதிமன்றம் போட்டுவிட்டது, சொத்து வழக்கு நடத்த ஒரு தேதி வேண்டுமே! கடைசி முகவரியும் பல நேரம் அவர்கள் வீடு இல்லை. வீட்டைப் பிடுங்கி, நாலைந்து குடும்பங்களை ஒரே வீட்டில் அடைத்து வைத்தார்கள். அதனால் அவர்கள் தாமாக விரும்பிக் குடியிருந்த கடைசி வீட்டு வாசலில்தான் கல் பதிக்கிறார்கள்.

பெர்லின் குடும்பம் என்றால் பாட்ஸ்டாம் ஆவணக்காப்பகத்தில் இன்னொரு தாளும் இருக்கக்கூடும். 16 பக்கச் சொத்து விவரப் படிவம். நாடுகடத்த ரயிலேற்றுவதற்கு முன் ஒவ்வொருவரும் நிரப்ப வேண்டும்: நாற்காலி எத்தனை, தலையணை எத்தனை, சட்டை எத்தனை, வாடகை பாக்கி உண்டா. 1941 நவம்பர் 25-ல் வந்த ஆணைப்படி எல்லையைத் தாண்டியதும் அத்தனையும் அரசுக்கு. வீட்டைப் பூட்டி முத்திரை வைத்து, பிறகு சாமான்களை அண்டை அயலார் ஏலத்தில் எடுத்தார்கள். ரயில்வே கட்டணமும் கேட்டது. கிலோமீட்டருக்கு 4 பெனிக் (ஜெர்மன் காசு), குழந்தைக்குப் பாதி, 4 வயதுக்குக் கீழே இலவசம், 400 பேருக்கு மேல் என்றால் கூட்டச் சலுகை. கல்யாணத்துக்குப் பெட்டி பிடிக்கிற கணக்குத்தான். போகிற டிக்கெட் மட்டும், திரும்பி வர இல்லை. பெர்லினிலிருந்து முதல் ரயில் 1941 அக்டோபர் 18-ல் க்ரூனவால்ட் நிலையத்திலிருந்து கிளம்பியது, 1,000-க்கும் மேற்பட்டவர்களோடு. இப்போது அங்கே 17-ஆம் நடைமேடையின் ஓரத்தில் 186 எஃகுத் தகடுகள். ஒவ்வொன்றிலும் தேதி, எத்தனை பேர், எங்கே போனது. எஸ்-பான் நகர ரயில் எஸ்7-ல் போனால் நிலையத்திலேயே இறங்கலாம். ஒரு ஞாயிறு போய் வா.

இதை இவ்வளவு நுணுக்கமாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. 60 லட்சம் என்று கேட்டால் மனம் மரத்துப்போகிறது. அந்தக் கொலையை நடத்தியது ஆவேசம் மட்டும் இல்லை, முகவரிப் பட்டியல். 1939 மே 17 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் பாட்டன் பாட்டி நால்வரில் யார் யூதர் என்று தனி அட்டையில் கேட்டு எழுதி வாங்கினார்கள். 1983 ஜூலையில் கொழும்பில் வாக்காளர் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு தமிழர் வீடுகளைத் தேடியவர்களைப் பற்றிப் படித்த நமக்கு, பட்டியல் என்ன செய்யும் என்று விளக்க வேண்டியதில்லை. அதே பட்டியலைத்தான் இன்று அந்தக் கல் திருப்பி வாசிக்கிறது.

நீ இருக்கும் ஷோனபெர்க் பகுதியில் கல்லைவிட எனக்கு நெருக்கமானது விளக்குக் கம்பங்களில் தொங்குகிற பலகைகள். ரெனாட்டா ஷ்டிஹ், ஃப்ரீடர் ஷ்னொக் என்ற இருவர் 1993-ல் செய்தது, மொத்தம் 80. ஒரு பக்கம் பாலபாடப் புத்தகம் மாதிரி ஒரு படம், மறுபக்கம் ஒரு சட்டம். பூனைப் படத்தின் பின்னால்: யூதர்கள் செல்லப்பிராணி வளர்க்கக் கூடாது, 1942 பிப்ரவரி 15. இன்னொன்றில்: பெர்லின் யூதர்கள் மாலை 4 முதல் 5 வரை மட்டுமே உணவு வாங்கலாம், 1940 ஜூலை 4. வேறொன்றில் முட்டை கிடையாது, இன்னொன்றில் பால் கிடையாது. பலகைகளை மாட்டத் தொடங்கியபோது, யாரோ புதிதாக யூத வெறுப்பு விளம்பரம் ஒட்டுகிறார்கள் என்று அக்கம்பக்கத்தார் புகார் செய்தார்கள். பிறகுதான் நினைவுச்சின்னம் என்று கீழே சின்னதாகக் குறிப்பு வைத்தார்கள். இந்தப் பலகைகளில் கொலை பற்றி அதிகம் இருக்காது. முட்டை, பூனை, பெஞ்சு, நேரம். ஒவ்வொன்றும் வந்தபோது பக்கத்து வீட்டுக்காரர்கள் இது சின்ன விஷயம்தானே என்று நினைத்திருப்பார்கள்.

ம்யூனிக் நகரம் 2004-லிருந்து பொதுநடைபாதையில் இந்தக் கற்களை அனுமதிப்பதில்லை. அங்குள்ள யூத சமூகத் தலைவி சார்லட் க்னோப்லொக், கொல்லப்பட்டவர் பெயரைக் காலால் மிதிப்பதா என்று கேட்டார். புத்தகம் காலில் பட்டாலே தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிற நமக்கு அந்தக் கேள்வி உடனே புரியும். அங்கே சுவரில் தகடும் சிறு கம்பமும் வைக்கிறார்கள். நான் கல் பக்கம்தான். படிக்க வேண்டுமென்றால் குனிய வேண்டியிருக்கிறதே.

இனி நம் குடும்ப வாட்ஸ்அப் குழுவுக்கு வருகிறேன். நீ கல் துடைத்த படத்தைப் போட்டால் யாராவது ஒரு மாமா கட்டாயம் கேட்பார்: "அவுஷ்விட்ஸ் பலகையில் 40 லட்சம் என்று இருந்தது, இப்போது 11 லட்சம் என்கிறார்கள். 29 லட்சம் குறைந்தும் 60 லட்சம் ஏன் குறையவில்லை?" கேட்க நியாயமாகவே தோன்றும். 40 லட்சம் என்பது 1945-ல் சோவியத் குழு எரியுலைகளின் கொள்ளளவை வைத்துப் போட்ட மதிப்பீடு, எல்லா இனத்தவரையும் சேர்த்து. 60 லட்சம் அந்தக் கணக்கிலிருந்து வந்ததே இல்லை. நாடுவாரியாகப் போருக்கு முன்னும் பின்னும் இருந்த யூதர் தொகை, ரயில் பட்டியல்கள், ஜெர்மானியரின் சொந்த அறிக்கைகள் ஆகியவற்றிலிருந்து வந்தது. 1961-லேயே வரலாற்றாசிரியர் ராவுல் ஹில்பெர்க் மொத்தம் 51 லட்சம், அவுஷ்விட்ஸில் 10 லட்சம் யூதர்கள் என்று எழுதிவிட்டார். முகாம் அருங்காட்சியகத்தின் ஃபிரான்சிஷெக் பைப்பர் ரயில்களைக் கணக்கிட்டு, கொண்டுவரப்பட்டவர் 13 லட்சம், மாண்டவர் 11 லட்சம், அதில் சுமார் 10 லட்சம் யூதர்கள் என்றார். மாறியது பலகை, மொத்தக் கணக்கு அல்ல. இதை ஒரே ஒருமுறை பொறுமையாக எழுது. மறுபடி கேட்டால் விட்டுவிடு. கேட்பவர் பதிலுக்காகக் கேட்கவில்லை.

காசாவை வைத்தும் கேட்பார்கள். இஸ்ரேல் அரசின் குண்டுகளைக் கண்டிப்பது யூத வெறுப்பு இல்லை. அதைச் சொல்ல நீ யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம். ஆனால் 2023 அக்டோபரில் பெர்லினில் சில வீட்டு வாசல்களில் தாவீது நட்சத்திரம் வரைந்து வைத்தார்களே, அங்கே குடியிருந்தவர் எந்தக் குண்டையும் போடவில்லை. ஓர் அரசின் கணக்கை வேறு நாட்டில் ரொட்டி வாங்கப் போகிறவர் தலையில் எழுதும்போது அது வெறுப்பாகிறது. ஜெர்மனியில் யூத எதிர்ப்புச் சம்பவங்களைப் பதிவு செய்யும் ரியாஸ் அமைப்பு 2024-ல் 8,627 சம்பவங்களைக் கணக்கிட்டது, நாளுக்கு 24 போல. ஹாலே நகரில் 2019 அக்டோபர் 9, யோம் கிப்பூர் நோன்பு நாளில் துப்பாக்கியோடு வந்தவன் ஆலயக் கதவைத் திறக்க முடியாமல் போனதால்தான் உள்ளே இருந்த ஐம்பதுக்கும் மேற்பட்டோர் பிழைத்தார்கள். வெளியே இருவர் செத்தார்கள். ஒரு மரக்கதவு!

இன்னொன்று, வீட்டு விஷயம். பிள்ளையார் படத்தோடு இருக்கிற ஸ்வஸ்திக் ஒட்டியை வாசல் கதவில் ஒட்டாதே, பூஜை அலமாரிக்குள் வை. அங்கே அதைப் பார்க்கிறவருக்குப் பிள்ளையார் தெரியாது. கண்டிப்பான மேலாளரை 'ஹிட்லர்' என்று கிண்டல் செய்யும் நம் ஊர்ப் பழக்கத்தையும் விமானநிலையத்திலேயே விட்டிருப்பாய் என்று நம்புகிறேன்.

துடைக்கப் போகும்போது கல்லைக் காணோம், அல்லது பெயிண்ட் ஊற்றியிருக்கிறது என்றால் எதையும் தொடாதே. முதலில் படம் எடு, பிறகு காவல்துறையின் 110-க்குச் சொல், ரியாஸ் இணையப் படிவத்திலும் பதிவு செய். நல்லெண்ணத்தில் சுத்தம் செய்துவிட்டால் தடயம் போய்விடும். சைட்ஸ் என்ற சிறு நகரில் 2024 அக்டோபரில் ஊரிலிருந்த 10 கற்களையும் ஒரே இரவில் பெயர்த்துக்கொண்டு போனார்கள். மக்கள் பணம் போட்டார்கள், புதிதாகப் பதித்தாயிற்று.

மெழுகுவர்த்தியைக் கல்லின் மேல் வைக்காதே, ஒரு சாண் தள்ளி வை. உருகிய மெழுகு எழுத்துக்குள் இறங்கினால் குளிரில் சுரண்டி எடுப்பது பாடு. கையுறைக்குள் இன்னொரு கையுறை போட்டுக்கொள், தண்ணீர் விறைக்கும். உன் வாசலில் யார் பெயர் இருக்கிறது என்று எனக்கும் எழுதி அனுப்பு, 'சாரா' இல்லாமல்.

அப்பா