பொருள்: நான் தேர்ந்தெடுத்த பிலிம் ஒன்று, காரில் ஒட்டிய பிலிம் வேறொன்று

சென்னை,
16 ஜூன் 2025

பெறுநர்:
உரிமையாளர் அவர்கள்,
கார் டீட்டெய்லிங் மற்றும் பி.பி.எஃப். மையம்,
சென்னை.

ஐயா,

வணக்கம். 2024 மார்ச்சில் என் வெள்ளை ஃபோர்டு மஸ்டாங் ஜிடி காருக்கு முழு பாடி பி.பி.எஃப்., அதாவது பெயிண்டைக் காக்கும் கண்ணாடி போன்ற பிலிம், ஒட்டச் சொல்லி உங்கள் கடையில் விட்டவன் நான். பெயரைச் சொன்னால் உங்கள் ஆட்களுக்கு நினைவு வராமல் போகலாம். "ஒரு பிலிமுக்கு இரண்டு மணி நேரம் கேள்வி கேட்டாரே, அந்த சார்" என்றால் வந்துவிடும். பிலிமுக்கும் கூலிக்கும் 2,00,000 ரூபாய், அதன் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி, ஆக 2,36,000 ரூபாய் கட்டினேன். மூன்று மாதமாக நேரிலும் வாட்ஸ்அப்பிலும் சொல்லி ஓய்ந்துபோய், பதிவுத் தபாலில் இதை எழுதுகிறேன்.

நான் பார்த்துத் தேர்ந்தெடுத்த பிலிம் ஒன்று. என் காரில் நீங்கள் ஒட்டியிருப்பது வேறொன்று. "தரம் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும் சார்" என்று உங்கள் மேனேஜர் இதைத் தாண்டிப் போகப் பார்க்கிறார். பொன்னி அரிசியைக் காட்டிவிட்டு ரேஷன் அரிசியை மூட்டை கட்டிக் கொடுப்பதற்குப் பெயர் முன்னே பின்னேயா?

இந்த பெயிண்டுக்கு நான் ஏன் இவ்வளவு மெனக்கெட்டேன் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். மஸ்டாங் 2016-இல் இந்தியாவுக்கு வந்தபோது விலை 65 லட்சம். அப்போது போஸ்டரைப் பார்த்துப் பெருமூச்சு விட்டதோடு சரி. 2022-இல்தான் 2017 மாடல் ஒன்றை செகண்ட் ஹேண்டில் வாங்கினேன். அதற்குள் ஃபோர்டு இங்கே உற்பத்தியை நிறுத்தும் அறிவிப்பு வந்து, மறைமலை நகர் தொழிற்சாலையும் மூடும் நிலைக்கு வந்திருந்தது. மஸ்டாங் அங்கே செய்த கார் இல்லை, கப்பலில் வந்த கார்தான், சர்வீஸும் கிடைக்கிறது. ஆனால் ஒரு பானட் (இன்ஜின் மூடி) வேண்டுமென்றால் வெளிநாட்டைத்தான் பார்க்க வேண்டும். அந்த பானட்டும், முன் சக்கரங்களுக்கு மேலே உள்ள ஃபெண்டர்களும் அலுமினியம். பெயிண்ட் உடைந்து உப்புக் காற்று உள்ளே போனால் இரும்பைப் போலச் சிவந்து துருப்பிடிக்காது. அடியில் வெள்ளையாகப் பூத்து, பெயிண்ட் கொப்புளமாகக் கிளம்பும். என் வீடு திருவான்மியூர், கடலுக்கு நடந்து போகிற தூரம். ஞாயிறு விடியற்காலையில் ஈசிஆரில் மாமல்லபுரம் வரை போய்வருவது ஒன்றுதான் எனக்கு இருக்கும் ஆடம்பரம். அந்தச் சாலையில் ஜல்லி லாரி முன்னால் போனால் என்ன நடக்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. இந்தக் காரில் இன்னொரு தொல்லை, அகலமான பின் டயர் தானே கல்லை வாரித் தன் இடுப்பிலேயே அடித்துக்கொள்ளும்.

செராமிக் கோட்டிங் போதுமே என்று நண்பர்கள் சொன்னார்கள். அது ஓரிரு மைக்ரான் கனம். தண்ணீர் முத்து முத்தாக உருண்டோடும், கல்லைத் தடுக்காது. இதை முதலில் ஒளிக்காமல் சொன்னது உங்கள் கடைத் தம்பிதான். அந்த நேர்மையைப் பார்த்துத்தான் உட்கார்ந்தேன். (ஓய்வுபெற்ற வங்கி ஊழியரான என் அப்பாவிடம் "பி.பி.எஃப்-இல் 2 லட்சம் போடப் போகிறேன்" என்றேன். பொது வருங்கால வைப்பு நிதியில் சேமிக்கிறேன் என்று நினைத்து மனிதருக்கு முகமெல்லாம் சிரிப்பு. அடுத்த நொடியே, "வருஷத்துக்கு ஒன்றரை லட்சத்துக்கு மேல் போட முடியாதேடா" என்றார். கார் மேல் ஒட்டும் பிலிம் என்று விளக்கிய பிறகு இரண்டு நாள் பேசவில்லை.)

அந்த மேஜையில் என்ன பேசினோம் என்று நினைவுபடுத்துகிறேன். பி.வி.சி. பிலிம் வேண்டாம், வெயிலில் மஞ்சளாகும், விறைத்துப்போகும் என்றேன். டி.பி.யு., அதாவது தெர்மோபிளாஸ்டிக் பாலியூரித்தேன்தான் வேண்டும். அதிலும் அரோமாட்டிக் வகை வெயிலில் நிறம் மாறும், எனக்கு அலிபாட்டிக் வகை என்றேன். "நம்மிடம் அது மட்டும்தான் சார்" என்று அந்தத் தம்பியிடம் இருந்து பதில் வந்தது. கனம் கேட்டேன். 8 மில் என்றார். ஒரு மில் என்பது 25.4 மைக்ரான், ஆக 203 மைக்ரான். பசையும் மேல் கோட்டும் சேர்த்தா, சேர்க்காமலா என்றும் கேட்டேன். "எல்லாம் சேர்த்து 8" என்று கொட்டேஷன் தாளின் ஓரத்தில் பேனாவால் எழுதியே கொடுத்தார். மென்பொருளில் மஸ்டாங்கின் அளவைப் போட்டு மெஷினில் வெட்டி எடுத்து ஒட்டுவோம், கார் மேல் கத்தியே படாது என்றார். வியட்நாம் போரில் ஹெலிகாப்டர் இறக்கைகளைக் காக்க வந்த சரக்கு சார் இது என்ற கதையும் நடந்தது. கதை உண்மைதான், நானும் படித்திருக்கிறேன்.

அப்புறம் அந்த டெமோ. உள்ளங்கை அளவு சாம்பிள் துண்டை ஒரு கறுப்புப் பலகையில் ஒட்டி, பித்தளை பிரஷால் பரபரவென்று தேய்த்தார். சிலந்தி வலை போலக் கீறல் விழுந்தது. கெட்டிலில் இருந்து வெந்நீரை ஊற்றினார். கீறல்கள் கண்ணெதிரே கரைந்து, பலகை மறுபடி கண்ணாடி மாதிரி ஆனது. எனக்கு அங்கேயே மனசு விழுந்துவிட்டது, அதை மறைக்கவில்லை. அதே சாம்பிளில் இன்னொரு துண்டை ஞாபகத்துக்குக் கேட்டு வாங்கி டேஷ்போர்டு டிராயரில் போட்டுக்கொண்டேன். அது எவ்வளவு நல்ல காரியம் என்று அன்று தெரியாது.

நான்கு நாள் கழித்து வண்டி வந்தது. பானட்டின் நடுவில், பிலிமுக்கு அடியில், ஒரு கண்ணிமை முடி. "ஒரு வாரத்தில் செட் ஆகிவிடும் சார்" என்றார்கள். பிலிமுக்கு அடியில் நிற்கும் தண்ணீர்க் குமிழி ஒரு வாரத்தில் ஆவியாகும். முடி எங்கே போகும்? பெட்ரோல் மூடிக்கு ஒட்டவே மறந்துவிட்டீர்கள். இரண்டையும் பெரிதுபடுத்தாமல் விட்டேன்.

இப்போது அந்தப் பெட்ரோல் மூடிதான் எனக்குச் சாட்சி. பிலிம் ஒட்டாத மூடி இன்றும் ஃபோர்டு அடித்த பளிச் வெள்ளை. அதைச் சுற்றியுள்ள பாடி, வெறும் சோற்றுக்குப் பக்கத்தில் நெய் விட்டுப் பிசைந்த சோற்றை வைத்தது மாதிரி இருக்கிறது. கறுப்பு, சிவப்பு வண்டியாக இருந்தால் இது கண்ணில் பட இன்னும் இரண்டு வருஷம் ஆகியிருக்கும். வெள்ளைக் கார் எதையும் மறைக்காது.

ஒரு வருடம் ஆன இந்த மார்ச்சில் வாரண்டி நிபந்தனைப்படி வருடாந்திரப் பராமரிப்புக்கு உங்களிடமே விட்டு 4,500 ரூபாய் கட்டினேன். அப்போதே மஞ்சளைக் காட்டினேன். பாலிஷ் போட்டுக் கொடுத்தீர்கள். மஞ்சள் பளபளப்பானது, அவ்வளவுதான். மறுபடி கேட்டதற்கு, போர்வெல் தண்ணீரில் கழுவியிருப்பீர்கள் என்றீர்கள். உப்புத் தண்ணீர் காய்ந்தால் வெள்ளைத் திட்டு விழும், முழு பாடியும் சீராக மஞ்சளாகாது. மரத்தடியில் நிறுத்தியிருப்பீர்கள் என்றீர்கள். எங்கள் அபார்ட்மெண்டின் கீழ்த்தளத்தில் நான் அறிந்து மரம் எதுவும் முளைக்கவில்லை.

சரி, நானே பார்க்கிறேன் என்று இறங்கினேன். ஒட்டுவதற்கு முன் உங்கள் ஆள் பெயிண்டின் கனத்தைக் காட்டும் கேஜ் கருவி வைத்து அளந்து, கைப்பட எழுதிக் கொடுத்த தாள் என்னிடம் இருக்கிறது: பானட்டில் 118, 121, 119 மைக்ரான். போன மாதம் வேறொரு கடையில் அதே மூன்று இடத்தில் பிலிமோடு அளந்தோம்: 271, 275, 270. கழித்துப் பாருங்கள், பிலிமின் கனம் 150 சொச்சம். 203 எங்கே?

கேஜில் பிழை இருக்கலாம் என்று நீங்கள் சொல்வீர்கள் என்பதால் அதோடு விடவில்லை. இடது ஃபெண்டர் விளிம்பில் தானாகவே உரிந்து நின்ற நுனியைக் கத்தரித்து, டிராயரில் இருந்த சாம்பிளையும் எடுத்துக்கொண்டு அம்பத்தூரில் லேத் பட்டறை வைத்திருக்கும் நண்பனிடம் போனேன். மைக்ரோமீட்டரில் சாம்பிள் 0.20 மில்லிமீட்டர், காரில் இருந்து எடுத்தது 0.15. சாம்பிளை இழுத்து விட்டால் ரப்பர் மாதிரி பழைய நீளத்துக்கு வந்தது. கார்த் துண்டு இழுத்த இடத்தில் வெளுத்து, நீண்டது நீண்டபடியே நின்றது. வீட்டுக்கு வந்து பானட்டின் ஒரு மெல்லிய கீறல் மேல் வெந்நீர் ஊற்றினேன். கீறல் அசையவில்லை. பானட் சுத்தமானது.

கடைசியாக, கல்லூரியில் வேதியியல் நடத்தும் என் அக்கா ஒரு சோதனை செய்தாள். செம்புக் கம்பியைச் சிவக்கக் காய்ச்சி, துண்டைத் தொட்டு, மறுபடி தீயில் காட்ட வேண்டும். குளோரின் உள்ள பொருளாக இருந்தால் தீ பச்சையாக எரியும். உங்கள் சாம்பிளுக்குத் தீ நிறம் மாறவில்லை. காரில் இருந்து எடுத்த துண்டுக்கு மயில் கழுத்துப் பச்சை. பாலியூரித்தேனில் குளோரின் கிடையாது, பி.வி.சி.யில் உண்டு. ஹெலிகாப்டரில் ஒட்டியது பி.வி.சி. இல்லை, ஐயா.

வாரண்டி அட்டையில் பிலிம் சுருளின் (ரோல்) நம்பர் எழுத வேண்டிய கட்டம் காலியாக இருக்கிறது. அன்று அதை நான் கவனிக்கவில்லை, அது என் தப்பு. நீங்கள் பெயர் சொன்ன பிலிம் கம்பெனிக்கு எழுதிக் கேட்டேன். என் வண்டி எண்ணில் எந்த வாரண்டியும் பதிவாகவில்லை என்று பதில் வந்தது. 10 வருட வாரண்டி என்று சுவரில் பெரிதாக எழுதியிருக்கிறீர்களே, அது எந்த ரோலுக்கு?

இதுவரை சொன்னது பணத்தோடு போகும். அடுத்தது போகாது. ஃபெண்டர் நுனி உரிந்த இடத்தில், ஹெட்லைட்டை ஒட்டி, தலைமுடி கனத்தில் ஒரு கோடு. அழுக்கு என்று நினைத்து நகத்தால் சுரண்டினேன். நகம் கோட்டுக்குள் இறங்கியது. காரின் மேலேயே பிலிமை விரித்து பிளேடால் வெட்டியதில் பெயிண்ட் அறுந்திருக்கிறது. மெஷினில் வெட்டினால் இப்படி ஒரு கோடு வர வழியே இல்லை. பானட்டின் முன் விளிம்பிலும் அதே கோடு, சுமார் 11 செ.மீ. நீளத்துக்கு. அதன் மேல் பாசிப்பயறு அளவில் மூன்று கொப்புளங்கள் கிளம்பியிருக்கின்றன. எதற்குப் பயந்து பிலிம் ஒட்ட வந்தேனோ அதை நீங்களே செய்து, மேலே பிலிம் போட்டு மூடியும் கொடுத்திருக்கிறீர்கள். மற்ற விளிம்புகளுக்கு அடியில் இன்னும் எத்தனை கோடு இருக்கிறதோ, உரித்தால்தான் தெரியும்.

உங்கள் மேனேஜர் போன வாரம் போனில், புதிய பிலிம் ஒட்டினால் 20 சதவீதம் தள்ளுபடி தருவதாகச் சொன்னார். நல்ல மனசு. எனக்கு வேண்டாம்.

நான் கேட்பது இவ்வளவுதான். கட்டிய 2,36,000 ரூபாயும், பராமரிப்புக்கு வாங்கிய 4,500 ரூபாயும் முழுதாகத் திரும்ப வேண்டும். இந்த பிலிமை வேறொரு கடையில், நீராவி கொண்டு பெயிண்ட் உரியாமல் நிதானமாக எடுக்க ஆகும் செலவு உங்களுடையது. உங்கள் ஆட்கள் இனி அந்தக் காரைத் தொட வேண்டாம். பிளேடு பட்ட இடங்களைச் சரிசெய்து பெயிண்ட் அடிக்கும் செலவும் உங்களுடையது. அதற்கான எஸ்டிமேட் தனியாக வரும். என் வண்டிக்குப் பயன்படுத்திய ரோலின் பர்ச்சேஸ் பில்லையும் பெட்டி லேபிளையும் காட்டுங்கள். அதில் நீங்கள் சொன்ன பிலிம் இருந்தால், இந்தக் கடிதத்தில் பாதியை நானே வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.

கடிதம் கிடைத்த 15 நாளுக்குள் எழுத்தில் பதில் வேண்டும். வராவிட்டால், நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன் கீழ் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன். கொடுத்த பணம் 5 லட்சத்துக்குள் என்பதால் கட்டணம் கிடையாது, மனுவை ஆன்லைனிலேயே போடலாம், வக்கீல் கட்டாயமில்லை. பொருளை ஆய்வகத்துக்கு அனுப்பிச் சோதிக்கும் அதிகாரமும் ஆணையத்துக்கு உண்டு. செம்புக் கம்பி சோதனையை நீங்கள் நம்பாவிட்டாலும் ஆய்வக முடிவை நம்பித்தான் ஆக வேண்டும். சாம்பிள் துண்டின் மீதியும், காரில் இருந்து எடுத்த துண்டின் மீதியும் தனித்தனி உறையில் தேதி போட்டு வைத்திருக்கிறேன்.

ரசீது, ஓரத்தில் "8" என்று எழுதிய கொட்டேஷன், கேஜ் தாள், காலி கட்டத்தோடு இருக்கும் வாரண்டி அட்டை ஆகியவற்றின் நகலையும், பெட்ரோல் மூடி, பானட் விளிம்பு புகைப்படங்களையும் இணைத்திருக்கிறேன்.

வண்டியை நேரில் பார்க்க ஆள் அனுப்புவதானால் காலை 10 மணிக்கு மேல் அனுப்புங்கள், வெளியே எடுத்து வெயிலில் நிறுத்துகிறேன். கீழ்த்தள டியூப்லைட்டில் மஞ்சள் சரியாகத் தெரியாது.

இப்படிக்கு,
வெள்ளை மஸ்டாங்கின் உரிமையாளர்,
திருவான்மியூர்