கோடரியைத் தடுத்தவனுக்கும் ஒரு பாட்டு வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கிரேக்கத் தொன்மங்களை இசை வழியே மறுஆக்கம் செய்து, இயற்கை அழிவை எதிர்ப்பது பற்றித் தங்கள் நாளிதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். பள்ளிப் பிள்ளைகளுக்குச் சேர்ந்திசை கற்பிப்பவள் நான். எனக்கும் சொல்ல ஒன்று இருக்கிறது.

இத்தகைய படைப்புகள் பெரும்பாலும் இறந்த மனைவியை மீட்கப் பாதாளம் சென்ற பாடகன் ஓர்ஃபியஸையே நாடுகின்றன. 2019இல் அமெரிக்க நாடகத்துறையின் டோனி விருதுகள் எட்டைப் பெற்ற ‘ஹேட்ஸ்டவுன்’ இசைநாடகமும் அப்படித்தான். பாதாள அரசனின் தொழில்நகரம் ஓயாமல் இயங்க, மேலே பருவங்கள் தப்புகின்றன. அருமையான கற்பனை. ஆனால் ஓர்ஃபியஸின் கதை அடிப்படையில் இழந்தவளுக்கான புலம்பல். கேட்பவர் கண்கலங்குவார், மரத்தை வெட்டியவன் யார் என்று கேட்கமாட்டார்.

எரிசிக்தோன் என்பவனைப் பற்றிய இன்னொரு கிரேக்கக் கதையில் அந்தக் கேள்வியிலிருந்து தப்பவே முடியாது. தானிய தேவதை டெமீட்டரின் புனிதத் தோப்பில் அவன் கோடரி வீசுகிறான். விருந்து மண்டபத்துக்குக் கூரை போடத்தான் மரம் என்கிறார் பண்டைய கிரேக்கக் கவிஞர் கலிமாக்கஸ். தேவதை பூசாரிப் பெண்ணின் உருவில் வந்து முதலில் இதமாகவே சொல்லிப் பார்க்கிறாள். அவளையும் மிரட்டுகிறான். கிடைத்த தண்டனை, தீராப் பசி. ரோமானியக் கவிஞர் ஓவிட் சொல்லும் கதையில் சொத்தெல்லாம் தின்று தீர்த்து, மகளை விற்று, கடைசியில் தன் உடலையே தின்கிறான்.

ஓவிட்டின் அதே கதையில் ஒரு வேலையாள் வருகிறான். வெட்டுப்பட்ட மரத்தில் இரத்தம் வழிகிறது. எல்லோரும் திகைத்து நிற்க, அவன் ஒருவன்தான் கோடரியைத் தடுக்கிறான். எரிசிக்தோன் அவன் தலையைச் சீவிவிட்டு மறுபடி மரத்தை வெட்டப் போகிறான். வேலையாளுக்குப் பெயரில்லை, ஒரு வரி வசனமும் இல்லை. அமேசான் காட்டுக்காகப் போராடி 1988இல் கொல்லப்பட்ட ரப்பர் தொழிலாளி சிகோ மென்டிஸும், ஹோண்டுராஸில் குவல்கார்கே ஆற்றில் அணை கட்டுவதை எதிர்த்து 2016இல் கொல்லப்பட்ட பெர்டா காசெரஸும் எனக்கு அவனிடம்தான் தெரிகிறார்கள்.

இந்தக் காட்சியை என் பிள்ளைகளோடு பாடிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஒவ்வொரு வெட்டுக்கும் குழு முழுவதும் ஒன்றாகத் தரையை மிதிக்கிறது. வேலையாளின் ஒற்றைக் குரல் இரு மிதிகளுக்கு நடுவே எழுகிறது. பாதி வரியில் அது அறுபட, அடுத்த மிதி காலப்பிரமாணம் சற்றும் மாறாமல் விழவேண்டும். அந்த மிதியை மட்டும் பிள்ளைகள் எப்போதும் தாமதமாகவே போடுகிறார்கள். நான் அதைத் திருத்தவில்லை.

இசையமைப்பாளர்கள் தேவதைகளுக்கு எத்தனை பாடல்கள் வேண்டுமானாலும் எழுதட்டும். அந்த வேலையாளுக்கு ஒரு பெயரும் ஒரு முழுப் பாட்டும் தரவேண்டும் என்று தங்கள் நாளிதழ் வழியாக அவர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓர் இசை ஆசிரியை