விமானம் ஏறும் முன்பே குதிரையைப் பாருங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பில் வந்த பந்தயக் குதிரை இறக்குமதி பற்றிய கட்டுரையை இரண்டு முறை படித்தேன். மற்றதெல்லாம் சரி. குதிரை இங்கே வந்து இறங்கிய பிறகு சோதித்துக்கொள்ளலாம், அங்கேயே ரத்தம் எடுத்துக் காத்திருப்பது வெறும் சம்பிரதாயம் என்று ஒரு வரி இருந்ததே, அதுதான் என்னைத் தூங்கவிடவில்லை. விவரம் தெரிந்த நீங்கள் அதை எப்படி அச்சேற விட்டீர்கள்?

என் அப்பா 31 வருஷம் குதிரைக்காரர். பாதிக் காலம் கிண்டியில், மீதி ஊருக்கு வெளியே ஒரு குதிரைப் பண்ணையில். நான் எட்டாவது படிக்கும்போது அந்தப் பண்ணைக்கு வெளிநாட்டிலிருந்து ஒரு பெட்டைக் குதிரை வந்தது. செம்பழுப்பு நிறம், நெற்றியில் வெள்ளைச் சுட்டி. வாங்கியவர் செலவுக்கு அஞ்சவில்லை. முட்டியிலிருந்து குளம்பு வரை எக்ஸ்ரே, ஓடும்போது மூச்சு இரைக்குமா என்று தொண்டைக்குள் குழாய் விட்டுப் பார்த்த அறிக்கை, இதயத்துக்குத் தனிச் சான்று என்று கட்டுக் கட்டாகக் காகிதம். ரத்தத்துக்கு மட்டும் ஒரே ஒரு தாள். அதுவும் விற்றவருடைய மருத்துவரே, விற்பனைக்கு முன் எப்போதோ எடுத்தது.

இரண்டு மாதம் நன்றாகத்தான் இருந்தது. அப்புறம் காய்ச்சல் வந்தது, போனது, மறுபடி வந்தது. ஒருநாள் சாப்பாடு கொண்டுபோனபோது அப்பா குதிரையின் மேலுதட்டைத் தூக்கிக் காட்டினார். ஈறு வெளுத்து, பழைய துணி மாதிரி இருந்தது. வயிற்றுக்கு அடியில் கட்டைவிரலால் அழுத்தினார். விரலை எடுத்த பிறகும் குழி அப்படியே நின்றது. "உள்ள ரத்தம் செத்துக்கிட்டு வருதும்மா" என்றார். அவர் சொன்னதையே பிறகு மருத்துவர்கள் தொற்று ரத்தசோகை என்றார்கள். அதற்கு மருந்து கிடையாது. ஒருமுறை தொற்றினால் சாகும்வரை அந்தக் குதிரை ரத்தத்தில் நோயைச் சுமக்கும். கடிக்கிற ஈயும் பரப்பும், ஒரே ஊசியை இரண்டு குதிரைக்குப் போட்டாலும் பரவும். அந்த லாயத்தில் ஊசியை அப்படித்தான் போட்டிருந்தார்கள். மொத்தம் மூன்று குதிரைகளைச் சுட்டார்கள். கடைசிவரை கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றவர் என் அப்பா. அன்றிலிருந்து ஒரு வாரம் வீட்டில் யாரோடும் அவர் பேசவில்லை. குதிரைகளுக்குக் காப்பீடு இருந்தது. அப்பாவுக்கு அந்த மாதச் சம்பளத்தில் பாதிதான் கொடுத்தார்கள்.

இந்த நோய் தொற்றியவுடனே சோதனையில் தெரியாது. நோயை எதிர்க்க உடம்பு உண்டாக்கும் எதிர்ப்புப் பொருளைத்தான் சோதனை தேடுகிறது. அது ரத்தத்தில் தென்பட 45 நாள் வரைகூட ஆகலாம். அதனால்தான் புறப்படும் முன்பே குதிரையைத் தனியாகக் கட்டி வைத்து, நாள் கழித்து மறுபடி ரத்தம் எடுக்க வேண்டும் என்கிறார்கள். இதைச் சம்பிரதாயம் என்றால், அந்த மூன்று குதிரைகளுக்கு நான் என்ன பதில் சொல்வது?

வந்து இறங்கிய பிறகு சோதிக்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பள்ளிக்கரணையில் மத்திய அரசின் கால்நடைத் தனிமைப்படுத்தும் நிலையம் இருப்பது தங்களுக்குத் தெரியும். ஆனால் அதை மட்டும் நம்பினால் என்ன ஆகும் என்பதை 2007இல் ஆஸ்திரேலியா பார்த்தது. தடுப்பூசி போட்ட குதிரைகள்தான் வந்தன. ஆனாலும் தனிமை முகாமிலிருந்தே இன்ஃபுளுயன்சா என்ற வேறொரு குதிரைக் காய்ச்சல் வெளியேறி, நியூ சவுத் வேல்ஸ், குயின்ஸ்லாந்து மாநிலங்களில் பல்லாயிரம் குதிரைகளுக்குப் பரவியது. சிட்னி பந்தயங்கள் நின்றன. அவ்வளவு கட்டுப்பாடு உள்ள நாட்டிலேயே அந்த நிலை.

விற்பவர் கையில் மருத்துவம் இருந்தால் என்ன நடக்கும் என்பது நம் ஊருக்குப் புதிதும் அல்ல. 13ஆம் நூற்றாண்டில் பாண்டிய நாட்டைப் பார்த்த மார்க்கோ போலோ, கப்பலில் வந்த குதிரைகள் இங்கே வைத்தியம் தெரியாமல் செத்தன, அடுத்த வருஷமும் விற்கலாம் என்று வியாபாரிகளே குதிரை வைத்தியர்களை இங்கு வரவிடவில்லை என்று சொல்லியிருக்கிறார்.

கிளாண்டர்ஸ் என்று இன்னொரு குதிரை நோய் உண்டு. மூக்கொழுகும், உடம்பில் புண் வைக்கும். அது மனிதனுக்கும் தொற்றக்கூடியது. வெள்ளைக்காரன் 1898இல் கால்நடை இறக்குமதிக்குச் சட்டம் போட்டான், அடுத்த வருஷமே கிளாண்டர்ஸுக்கென்று தனிச் சட்டம் போட்டான். குதிரையின் மூக்கைத் துடைப்பதும் புண்ணைக் கழுவுவதும் குதிரைக்காரர்தான், முதலாளி இல்லை. ஓடி முடித்த பந்தயக் குதிரைகள் சில கடைசியில் மெரினாவுக்கும் பெசன்ட் நகருக்கும் சவாரிக்கு வருகின்றன. காணும் பொங்கல் கூட்டத்தில் குழந்தை குதிரை மேல் உட்கார்ந்திருக்கிற படத்தை ஆசையாகப் போடுகிறீர்களே, அந்தக் குதிரைக்கு ரத்தம் எடுத்தார்களா என்று ஒருமுறையாவது கேட்டிருக்கிறீர்களா?

2024 செப்டம்பரில் கிண்டி ரேஸ் மைதானத்துக்கு அரசு சீல் வைத்தபோதும் தங்கள் பத்திரிகையில் 160 ஏக்கர், 1945 குத்தகை, வாடகை பாக்கி எல்லாம் பக்கம் பக்கமாக வந்தன. விடிகாலை நாலு மணிக்குக் கொள்ளு வேகவைக்கிறவர்களைப் பற்றி ஒரு பத்திகூட நான் பார்க்கவில்லை. அப்போதும் கடிதம் எழுதினேன். இடமில்லாமல் போயிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

நான் கேட்பது பெரிதல்ல. அந்த வரிக்கு வரும் ஞாயிறன்று நாலு வரியில் ஒரு திருத்தம் போடுங்கள். விற்பவருக்குச் சம்பந்தமில்லாத மருத்துவர் சோதித்த ரத்த அறிக்கையை, எடுத்த தேதியோடு தமிழில் எழுதி லாயக் கதவில் ஒட்ட வேண்டும் என்று தங்கள் பத்திரிகை ஒரு வார்த்தை சொன்னால் போதும். அப்பாவுக்குத் தமிழ் நன்றாகப் படிக்க வரும். அந்தத் தாள் ஆங்கிலத்தில் இருந்தது.

இப்படிக்கு,
26 வருட வாசகி,
வேளச்சேரி, சென்னை