ஒகஸ்ட் 1 பற்றி, விடுமுறைக்கு முன் ஒரு கடிதம்

அன்பான பெற்றோருக்கு,

வணக்கம். கோடை விடுமுறைக்கு முந்திய கடைசி வகுப்பு வரும் சனிக்கிழமை. அன்று முதல் அரை மணிநேரம் ஒகஸ்ட் 1 பற்றிப் பேசப்போகிறோம். அது விடுதலை நாள். பிரித்தானியப் பேரரசின் பெரும்பகுதியில் அடிமை முறையை ஒழித்த சட்டம் 1834 ஒகஸ்ட் 1இல் நடைமுறைக்கு வந்தது. கனடிய நாடாளுமன்றத்தின் மக்களவை அந்த நாளை 2021 மார்ச்சில்தான் ஒருமனதாக ஏற்றது. பாடசாலை மூடியிருக்கும் காலத்தில் வருவதால் எங்கள் பிள்ளைகள் பலருக்கு இப்படி ஒரு நாள் இருப்பதே தெரியாது.

"அடிமைகள் அமெரிக்காவில்தானே இருந்தவர்கள், ரீச்சர்?" என்று ஒரு பிள்ளை கேட்டது. அங்கிருந்து தப்பி வந்தவர்களுக்குக் கனடா இடம் கொடுத்தது உண்மை. ஆனால் இங்கேயும் அடிமைகள் இருந்தார்கள். 1793 மார்ச் 14 அன்று, குளோயி கூலி என்ற பெண்ணை அவரை வைத்திருந்தவர் கயிற்றால் கட்டிப் படகில் ஏற்றி, நயாகரா ஆற்றின் அக்கரையில் விற்றார். குளோயி கத்தினார், திமிறினார். பீற்றர் மாட்டின் என்ற கறுப்பின முன்னாள் படைவீரர் இதை மேல் கனடாவின் (இன்றைய ஒன்ராறியோவின்) துணைநிலை ஆளுநர் சிம்கோவிடம் கொண்டுபோய்ச் சொன்னார். அந்த ஆண்டே ஒரு சட்டம் வந்தது. புதிதாக அடிமைகளைக் கொண்டுவருவதை அது தடுத்தது, இருந்தவர்களை விடுவிக்கவில்லை. அதன்பின் அவர்களுக்குப் பிறக்கும் பிள்ளைகளுக்கும் 25 வயதில்தான் விடுதலை. சட்டமன்றத்தில் இருந்தவர்களிலேயே சிலர் அடிமைகளை வைத்திருந்தார்கள்.

1834இல் நடைமுறைக்கு வந்த சட்டம் இலங்கைக்குப் பொருந்தாது என்று அதிலேயே எழுதியிருந்தது. அங்கே அடிமை முறை 1844இல்தான் சட்டப்படி ஒழிந்தது. யாழ்ப்பாணத்து வழக்கச் சட்டமான தேசவழமையில் அடிமைகளுக்கென்றே ஒரு பகுதி உண்டு. வைத்திருந்தவர்களும் தமிழர், அடிமைப்பட்டவர்களும் தமிழர். "எங்கட ஆக்களிடமும் இருந்ததா?" என்று பிள்ளை வீட்டில் வந்து கேட்டால், தயவுசெய்து பேச்சை மாற்றாதீர்கள். 'குடிமை, அடிமை' என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டவர்கள்தானே நாங்கள். தெரிந்ததைச் சொல்லுங்கள்.

இன்னொன்றையும் கேட்க வேண்டும். போன மாதம் ஒரு பிள்ளை தன் கறுப்பினத் தோழனைப் பற்றிச் சொல்லும்போது 'காப்பிலி' என்றது. கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. வீட்டில் கேட்ட சொல். அதுதான் தமிழ் என்று நினைத்திருக்கிறது. எனக்கு அன்றிரவு தூக்கம் வரவில்லை. அது இழிசொல். தமிழ் படிக்க அனுப்பிய பிள்ளை அதையும் தமிழாகக் கற்றுக்கொள்ளக் கூடாது. 'கறுப்பின மக்கள்' என்று வகுப்பில் பழக்குகிறோம். சாப்பாட்டு மேசையிலும், ஊருக்குத் தொலைபேசியில் பேசும்போதும் நீங்களும் அப்படியே சொல்லுங்கள். பிள்ளைகள் பக்கத்தில்தான் இருக்கிறார்கள்.

சனிக்கிழமை காலை 10 மணிக்குத் தொடங்குவோம். குளோயி கூலியின் கதையை மேல்வகுப்புப் பிள்ளைகள் தமிழில் வாசிப்பார்கள். அம்மம்மா, அப்பப்பாமாரையும் கூட்டி வாருங்கள். பின்வரிசையில் கதிரைகள் போட்டிருப்போம்.

அன்புடன்,
அதிபர்